சின்னரியின் மக்காவ் கோட்டுப்படங்கள்: சான்றா, அலங்காரமா?

கரிக்கோல்:
ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரியை வெறும் துரைமார் ஓவியர் என்று ஒதுக்குவது அநியாயம். 1802 இறுதியில் சென்னைக்கு வந்தவர். பிறகு வங்காளத்தில் கடன் கழுத்தை நெரிக்க, 1825இல் தென்சீனக் கரையில் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவுக்கு ஓடினார். 1852இல் அங்கேயே இறந்தார். வயிற்றுப்பாட்டுக்கு வணிகர்களின் உருவப்படம் வரைந்தார். கோட்டுப்படங்களிலோ கொல்லர், தெரு நாவிதர், தான்கா படகுப் பெண்கள், குந்தியிருந்து சூதாடுகிறவர்கள். அந்தத் தெருவை அறிய இவை முதல்தரச் சான்று.

பாய்மரம்:
எதற்குச் சான்று? எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய தான்கா பெண்களைப் பாருங்கள்: நீலச்சட்டை, சிவப்புத் தலைத்துணி, சாந்தமான முகம். வாங்கியவர்கள் வெளிநாட்டார். படகிலேயே பிறந்து வாழ்ந்த அந்த மக்களைக் கரையில் இருந்தவர்கள் இழிவாக நடத்தியது அதில் எங்கே?

கரிக்கோல்:
விற்ற படத்தை வைத்து விற்காத கோட்டுப்படத்தை எடைபோடாதீர்கள் நண்பரே. அதில் வரைந்திருக்கும் தொழில்கருவியை வைத்துச் சோதியுங்கள். சீனத் தெரு நாவிதர் காவடியில் ஒரு பக்கம் இழுப்பறை வைத்த முக்காலி, மறுபக்கம் கரியடுப்பும் வெந்நீரும். ‘ஒரு முனைதான் சூடு’ என்று ஒருதலைக் காதலுக்கே அங்கே சொலவடை உண்டு. கற்பனையில் வரைகிறவன் இரண்டு சுமையையும் ஒரே மாதிரி போட்டுவிடுவான்.

படகிலும் அப்படித்தான். யூலோ என்ற பின்துடுப்பு ஒரு முளைமேல் உட்காரும். கைப்பிடியைக் கயிறு தளத்தோடு பிணைத்திருக்கும். தள்ளி இழுக்கும்போது துடுப்பலகை திரும்புவது அந்தக் கயிற்றால்தான். கயிறில்லாமல் வரைந்திருந்தால் அந்தப் படகு நகராது.

பாய்மரம்:
நல்ல சோதனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கோட்டில்? முதலில் பென்சில், அதன்மேல் பழுப்பு மை. பென்சில் தெருவில் ஓடியிருக்கும்; மை மேசையில் நிதானமாக ஏறியிருக்கலாம். அழகு சேர்வது மையேற்றும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

தாள்மணம்:
இதைப் பிரித்துப் பார்க்க முடியும். இரும்பு உப்பில் செய்த மையாக இருந்தால், அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து அலைநீளம் சுமார் 1000 நானோமீட்டரைத் தாண்டும்போது அது ஏறக்குறைய மறைந்துவிடும். பென்சிலின் கிராஃபைட் கறுப்பாகவே நிற்கும். புகைக்கரியில் செய்த கரிமை என்றால் பலிக்காது: அதிலும் கார்பன்தான், அடியில் இருப்பதை மூடிவிடும்.

ஓரத்துக் கிறுக்கல்களையும் விடாதீர்கள். அவை கர்னி முறை என்ற பழைய ஆங்கிலச் சுருக்கெழுத்து. பல தாள்களில் தேதியே இருக்கிறது. உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விட்டு எழுதுவதால் ஒரே வடிவத்தை இரண்டு மூன்று சொல்லாகப் படிக்கலாம். தேதியின் எண்களை நம்பலாம், சொல்லைப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே நம்பலாம்.

பாய்மரம்:
அப்படியானால் என் வாதம் மைக்கு மட்டும். பென்சிலை விட்டுவிடுகிறேன்.

கரிக்கோல்:
மையையும் மொத்தமாகத் தள்ளாதீர்கள். கயிறு பென்சிலில் இல்லாமல் மையில் வந்திருந்தால், சின்னரி படகுத்துறைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கவும் கூடும்.