ஓய்வுத்திரை, படச்சுற்று: ‘ஸ்கிரீன்சேவர் ஸ்லைடுஷோ’வுக்கு உரிய தமிழ்ச் சொல் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியை யாரும் தொடாதபோது திரையில் தானாகத் தோன்றும் ‘ஸ்கிரீன்சேவர்’, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் ‘ஸ்லைடுஷோ’ ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டுமென்று சென்ற வாரம் நான் கேட்டிருந்ததற்குத் ‘திரைசேமிப்பான்’, ‘திரைக்காப்பு’, ‘படவில்லைக் காட்சி’, ‘மாறுபடம்’ என்னும் சொற்களை அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் எங்கள் படிப்பகத்துக்கு வருவோரிடம் சொல்லிப் பார்த்த பிறகே இம்மடலை எழுதுகிறேன்.

முந்தைய மடல்களைப் பார்க்காதவர்களுக்காகச் சிறு பின்னணி. புதுவண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் பென்டியம் 4 கணினி ஒன்று இருக்கிறது. 256 எம்.பி. நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்ற கண்ணாடிக்குழாய் மானிட்டர். தெருவில் உள்ளவர்கள் தம் வீட்டு ஆல்பங்களிலிருந்து தந்த திருவிழா, திருமணம், காசிமேட்டுக் கடற்கரைப் படங்களை ஸ்கேன் செய்து அதில் வைத்திருக்கிறோம். ஐந்து நிமிடம் எவரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வர வேண்டும். அதை அமைக்கும் முறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவே இச்சொல் தேவைப்படுகிறது.

முதலில் ‘திரைசேமிப்பான்’. இதை நாம் கைவிட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘சேவ்’ என்பதற்குக் காத்தல் என்றும் பொருள், சேமித்தல் என்றும் பொருள். இங்கே பொருந்துவது முன்னது மட்டுமே. 1983-இல் ஜான் சோச்சா என்ற நிரலாளர் எழுதி ‘சாஃப்ட்டாக்’ என்னும் கணினி இதழில் வெளியிட்ட தொடக்ககால ஸ்கிரீன்சேவர் நிரல், மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் திரையை வெறுமையாக்கியது. அதற்குமேல் எதையும் செய்யவில்லை. அதில் சேமிப்பு எங்கே இருக்கிறது? தவறான இச்சொல்லால் விளையும் குழப்பத்தைச் சென்ற ஞாயிறன்று நேரிலேயே கண்டேன். தன் மகளின் திருமணப் படத்தைத் தந்திருந்த அம்மையார் ஒருவர், நான் ‘திரைசேமிப்பான்’ என்றதும், “அப்போ படமெல்லாம் இதுக்குள்ளதான் சேமிச்சு வச்சிருக்கியாப்பா? இதை எடுத்துட்டா படம் போயிடுமா?” என்று கவலையோடு கேட்டார். படங்கள் தனிக் கோப்புறையில் பத்திரமாக இருக்கின்றன என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

‘திரைக்காப்பு’ பொருளளவில் சரியான சொல். குழாய் மானிட்டரில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால், அவ்விடத்திலுள்ள ஒளிரும் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்ந்து நிலையான தடம் விழுந்துவிடும். எங்கள் மானிட்டரை அணைத்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், அடியில் பணிப்பட்டையின் (டாஸ்க்பார்) கோடும் இடது மூலையில் தொடக்கப் பொத்தானின் (ஸ்டார்ட்) வடிவமும் பழுப்பாகத் தெரியும். (இதற்குச் ‘சூட்டுத் தழும்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன், தனி இழையில் பேசலாம்.) இத்தழும்பைத் தடுக்கவே அந்நிரல் பிறந்தது. ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் இன்று ‘திரைக்காப்பு’ என்று கேட்டால், கைப்பேசியின் மேல் ஒட்டும் கண்ணாடியைத்தான் எடுத்துத் தருவார்கள், அதற்கும் அச்சொல் இயல்பாகவே பொருந்துகிறது. மேலும், எல்.சி.டி. என்னும் தட்டைத் திரைகளில் இத்தகைய தேய்மானம் இல்லை, பல கைப்பேசிகளில் உள்ள ஓ.எல்.இ.டி. திரைகளில் இன்றும் உண்டு. திரைக்குத் திரை மாறும் ஒரு பயனை வைத்துப் பெயரிடுவதைவிட, எல்லாத் திரைக்கும் பொதுவான ஒன்றை வைத்துப் பெயரிடுவது மேல்.

பொதுவானது, அது தோன்றும் நேரம். ஆள் ஓய்ந்திருக்கும்போது தோன்றும் திரை ஆகையால் ‘ஓய்வுத்திரை’ என்கிறேன். முகப்புத்திரை, பூட்டுத்திரை என்று நாம் முன்பே புழங்கும் சொற்களோடு இது ஒரே குடும்பமாக அமைகிறது. ‘உறக்கநிலை’ என்பதோடும் மோதவில்லை: உறக்கத்தில் திரை அணைந்துவிடும், ஓய்வில் விழித்திருக்கும்.

“படங்களை மாற்றிக்கொண்டிருக்கும்போது கணினி உழைக்கத்தானே செய்கிறது, ஓய்வு என்பது எப்படிப் பொருந்தும்?” என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. லினக்ஸ் இயங்குதளத்துக்கான எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்னும் நிரல்தொகுப்பில் உள்ள ‘ஜிஎல்ஸ்லைடுஷோ’ என்ற ஸ்லைடுஷோவை இதே கணினியில் இயக்கிப் பார்த்தபோது விசிறி இரைந்தது, படமும் விக்கி விக்கி நகர்ந்தது. ஆனாலும் ஓய்வறையில் ஓய்வெடுப்பது அறை அன்று. ஓய்வூதியத்தில் ஓய்ந்திருப்பது ஊதியம் அன்று. தமிழில் இத்தகைய கூட்டுச்சொல் ‘ஓய்வுக்கு உரியது’ என்றே விரியும். ஆகவே தடை இல்லை.

இனி ‘ஸ்லைடுஷோ’. ‘படவில்லை’ என்பது ஒளிவீழ்த்தியில் (புரொஜெக்டர்) செருகிய பழைய பிலிம் வில்லைக்குப் பொருந்தியது. கோப்புறையில் கிடக்கும் ஒளிப்படம் வில்லை ஆகாது. ‘மாறுபடம்’ கேட்க இனிமையாக இருந்தாலும், வாசிப்பவர் கண் அதை ‘மாறுபடும்’ என்றே பிடிக்கிறது; படிப்பகத்துப் பிள்ளைகள் மூவரில் இருவர் அப்படித்தான் படித்தார்கள். ‘படவரிசை’ எனலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் வரிசை கலைத்துக் காட்டும் வசதியும் உண்டு என்பதால் அது பொய்யாகிவிடும். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் ஆல்பத்தைக் கைக்குக் கை சுற்றுக்கு விடுகிறோம். கடைசிப் படம் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து வருவதும் சுற்றுத்தான். எனவே ‘படச்சுற்று’. இரண்டையும் சேர்த்தால் ‘படச்சுற்று ஓய்வுத்திரை’.

சுவரில் ஒட்டவிருக்கும் பக்கத்தின் நடுப்பகுதியில் இச்சொற்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள்:

“முகப்புத்திரையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறக்கவும். ஓய்வுத்திரைப் பிரிவில் படச்சுற்றைத் தேர்ந்து, காத்திருப்பு நேரத்தை ஐந்து நிமிடம் என்று இடவும். அமைப்புகளில் படங்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டவும். கோப்புப் பெயரைக் காட்டும் தெரிவை இயக்கினால், பெயராக இட்ட ஆண்டு படத்தோடு தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே இட வேண்டாம்: 4000×3000 புள்ளிகள் கொண்ட படம் நினைவகத்தில் விரியும்போது ஏறத்தாழ 36 எம்.பி. இடத்தைப் பிடிக்கும், 1024×768 அளவுக்குச் சுருக்கினால் இரண்டரை எம்.பி.க்குள் அடங்கும்.”

இதனோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். ஓய்வுத்திரை என்று இணையத்தில் கிடைக்கும், எஸ்.சி.ஆர். (.scr) என்று முடியும் கோப்பு படம் அன்று, இயங்கும் நிரல். இலவசம் என்று ஒரு தளத்திலிருந்து முன்பு நான் இறக்கியது, விளம்பர நிரல்களையும் கூடவே கொண்டுவந்து கணினியை இரண்டு நாள் முடக்கியது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், அக்கணினியை இப்போது இணையத்தில் இணைப்பதே இல்லை. எக்ஸ்பியோடு வந்த படச்சுற்றே எங்களுக்குப் போதும்.

‘வலச்சொடுக்கி’ என்பதில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ‘வலப்பொத்தானை அழுத்தி’ என்று விரித்து எழுதலாமா? சனிக்கிழமை மாலை அச்சுக்குத் தர வேண்டும். அதற்குள் உங்கள் கருத்தைத் தெரிவித்தால் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து