‘ஸ்டில் லைஃப்’ ஓவியம்: அசையாப் பொருளா, வைபொருளா?

நண்பர்களே,

பழம், பாத்திரம் போன்ற பொருள்களை மேசைமேல் அடுக்கி வைத்து வரைவது ‘ஸ்டில் லைஃப்’ ஓவியம். அதற்கான தமிழ்ச் சொல்லுக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: உயிரற்ற பொருள் ஓவியம், அசையாப் பொருள் ஓவியம், பண்ட ஓவியம். மூன்றையும் ஒரே படத்தில் உரசிப் பார்த்தேன். ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி 1956இல் வரைந்தது. இப்போது புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், டாலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விரிப்புப் போட்ட மேசை ஒன்றுதான் அதில் ஒழுங்காக நிற்கிறது. கத்தி அந்தரத்தில் மிதக்கிறது. புட்டி சாய்ந்திருக்கிறது, பழத்தட்டு சுழல்கிறது, நடுவே ஒரு பறவை பாய்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு டாலிக்கு அணுவின் மேல் ஒரே பித்து. எதற்குள்ளும் எதுவும் சும்மா இருப்பதில்லை, ஒன்றை ஒன்று தொடுவதும் இல்லை என்பதைச் சாப்பாட்டு மேசையை வைத்தே சொல்லிவிட்டார். ஒரு கை காண்டாமிருகக் கொம்பைப் பிடித்திருக்கிறது. ஒரு காலிஃபிளவரும் உண்டு. இரண்டிலும் இருப்பது மடக்கைச் சுருள்தான் (வெளியே போகப்போக ஒரே விகிதத்தில் விரியும் சுருள்) என்பது அவர் வாதம். இதைப் பேசத்தான் 1955 டிசம்பரில் கார் நிறையக் காலிஃபிளவரோடு பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் போய் இறங்கினார் மனிதர்!

படத்தின் தலைப்பே நம் சிக்கல். பிரெஞ்சில் இந்த ஓவிய வகைக்குப் பெயர் ‘நாத்யூர் மோர்த்’, அதாவது செத்த இயற்கை. டாலி அதோடு ‘விவாந்த்’ என்று உயிரையும் ஒட்டவைத்தார். நம் முதல் பரிந்துரைப்படி அது ‘உயிருள்ள உயிரற்ற பொருள்’. வாயில் நுழையவில்லை. ‘அசையாப் பொருள்’ என்றதும் பத்திரப்பதிவு அலுவலகம்தான் கண்முன் வருகிறது. பண்டம் நல்ல சொல். ஸ்பானியரின் ‘போதெகோன்’ கூடச் சரக்கறையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் பண்டம் என்றால் ‘பொருள்’ போய்விடுகிறதே!

அதை விடக்கூடாது என்பது என் கட்சி. 1952இல் பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் ஒரு படுக்கையறை வரைந்தார். கட்டில்மேல் ஆளுயரச் சீப்பு, தரையில் அலமாரி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தம்ளர், சுவரெல்லாம் மேகம். சீப்பு அச்சு அசலாகச் சீப்புதான், தலைதான் வார முடியாது. பயன் போய்விட்டது, பொருள் மிஞ்சி நிற்கிறது. இந்த வாக்கியத்தில் ‘பொருள்’ எதைக் குறிக்கிறது, சாமானையா, அர்த்தத்தையா? இரண்டையும்தான். இந்த வசதி எல்லா மொழிக்கும் வாய்க்காது.

ஆகவே என் பரிந்துரை ‘வைபொருள் ஓவியம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: வைத்த, வைக்கிற, வைக்கும் பொருள். ஓவியர் எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். செத்ததா, அசைகிறதா என்ற வம்பே இல்லை. டாலியின் படம் ‘உயிர்த்த வைபொருள்’ ஆகிவிடும். (‘வைப்புப் பொருள்’ வேண்டாம், வங்கி வாடை அடிக்கிறது.)

பதில்:

ஐயா, எங்கள் மதுரைப் பக்கம் வைவது என்றால் திட்டுவது. ‘வைபொருள்’ திட்டு வாங்கிய பொருளும் ஆகலாம். வினைத்தொகை அதற்கும் இடம் கொடுக்கும்! மற்றபடி எனக்குச் சம்மதம். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது ‘வைத்தல் = இடுதல்’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள். டாலி, மக்ரித் இருவரின் கனவு போன்ற பாணியான சர்ரியலிசத்தை மீமெய்யியல் என்பதா, அப்படியே விடுவதா என்பதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலக்க வேண்டாம்.