புது ஜீன்ஸ் சாயம் விடுகிறது, ஆறு மாதம் துவைக்கவே கூடாதாமே?

வேளச்சேரி_வாசி:

போன வாரம் கருநீலத்தில் ஒரு ஜீன்ஸ் எடுத்தேன். லேபிளில் 98% காட்டன், 2% எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடுகிற நூல்) என்று இருக்கிறது. போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் சாம்பல் நிற சீட் கவர் நீலமாகிறது, வெள்ளைச் சட்டையின் அடியில் இடுப்பு உரசுகிற இடத்தில் கறை. அம்மா சொல்வது: கல் உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவை, காலையில் கல்லில் போட்டு பிரஷ் அடித்தால் போகிற சாயமெல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். ஆபீஸில் ஒருவர் நேர் எதிராகச் சொல்கிறார், ஆறு மாதம் தண்ணியே காட்டாதே, வாடை வந்தால் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வை, என்று. ஸ்டேஷனில் பைக்கைப் போட்டுவிட்டு பறக்கும் ரயிலில் போய் இறங்குவதற்குள் முழங்காலுக்குப் பின்னால் வியர்வை ஓடுகிற ஊரில் ஆறு மாதமா? எங்கள் வீட்டில் போர் தண்ணி, டாப் லோட் மெஷின். யார் சொல்வதைக் கேட்பது?

பெருந்துறை_நூல்:

தம்பி, கொஞ்ச காலம் டையிங்கில் இருந்தவன் என்ற முறையில் முதலில் அந்த உப்பு. எங்கள் பக்கம் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவார்கள், தண்ணீரில் கரைந்து நிற்கிற சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. நொய்யல் ஆறு உப்பாகிப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம், கடைசியில் 2011-ல் ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்குப் போனது. ஆனால் அது சாயம் ஏற்றுகிற நேரத்து வேலை. ஏறி முடிந்த துணியை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு பயனும் இல்லை. ஜீன்ஸில் இருக்கிற இண்டிகோ என்கிற நீலச் சாயத்துக்கு உப்பு வினிகர் எதுவும் பிடிமானம் தராது.

இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். காஸ்டிக், ஹைட்ரோஸ் என்கிற ரசாயனங்களைப் போட்டுக் கரைய வைத்து, பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூலை, அதில் முக்கி எடுத்து காற்றில் காட்டி, மறுபடி முக்கி, மறுபடி காற்றில் காட்டி, இப்படிப் பல தடவை. தொட்டியிலிருந்து வரும்போது மஞ்சள் கலந்த பச்சை, காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும், பார்க்கவே நன்றாக இருக்கும். இதில் சாயம் நூலின் வெளிச்சுற்றில்தான் படியும், நடுப்பகுதி வெள்ளையாகவே நிற்கும். குறுக்கே ஓடுகிற ஊடை நூலுக்குச் சாயமே கிடையாது, அதனால்தான் உட்புறம் வெளிறித் தெரிகிறது. தேய்கிற இடத்தில் மேல் சாயம் போய் உள்ளிருக்கிற வெள்ளை தலைகாட்டும். அதைத்தான் ‘ஃபேட்’ என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்! உங்கள் சீட்டில் ஒட்டுவது மேலோட்டமாக நிற்கிற உபரி சாயம்.

எனவே கல்லும் பிரஷ்ஷும் வேண்டாம், உபரியோடு சேர்த்து நல்ல சாயத்தையும் சுரண்டிவிடும், அதுவும் கோடு கோடாக. ஜிப், பட்டன் போட்டு, உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக அரை மணி நேரம் போடுங்கள். கையால் அமுக்கி அலசி, நாலைந்து தண்ணி மாற்றுங்கள். தெளிந்த தண்ணி வரும்வரை அலசுவேன் என்று உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும், நீலம் குறைந்தால் போதும்.

ராத்திரி_டூட்டி:

ஃப்ரீசர் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துவைக்காத பேச்சு பரவலாகக் கிளம்பியதற்கு இரண்டு காரணம். 2011-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஒரே ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் போட்டார், பிறகு துவைத்து 13 நாள் போட்டார், இரண்டு தடவையும் கிருமி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், பெரும்பாலும் தோலில் வழக்கமாக இருப்பவை. அடுத்து 2014-ல் லீவைஸ் நிறுவனத்தின் அன்றைய தலைவர் சிப் பெர்க், தான் போட்டிருக்கிற ஒரு வருட ஜீன்ஸ் வாஷிங் மெஷினைப் பார்த்ததே இல்லை என்று மேடையில் சொன்னார். அவரே பிறகு விளக்கினார், கறை பட்ட இடத்தை மட்டும் துடைப்பேன், தேவைப்பட்டால் கையால் துவைப்பேன் என்று. அந்தப் பகுதியை யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை.

சரி, அந்த ஆய்வு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஜீன்ஸ், குளிரூர். நம் ஊரில் தோல் ஓபியில் ஒரு காலை நின்று பாருங்கள், தொடை இடுக்கில் படர்தாமரையோடு வருகிற பையன்கள் வரிசையில் இறுக்கமான ஜீன்ஸ் எத்தனை என்று. பூஞ்சைக்கு வெப்பமும் ஈரமும் போதும், கெட்டித் துணி இரண்டையும் பிடித்து வைக்கும். வீட்டு ஃப்ரீசர் குளிரில் கிருமி பெரும்பாலும் சாகாது, உறங்கும், உடம்புச் சூடு பட்டதும் எழுந்துகொள்ளும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கேயும் போகாது. பக்கத்தில் மீன் இருந்தால் அந்த வாசனை வேறு.

உங்கள் மாதிரி ரயில், பைக் என்று அலைகிறவர் நாலைந்து தடவை போட்டதும் துவைத்துவிடுங்கள். ஏசி ஆபீஸ், ஏசி கார் என்றால் பத்துகூடத் தாங்கும். ஏற்கெனவே படர்தாமரை இருந்தால் சாயத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், வீட்டில் மற்றவர் துணியோடு சேர்க்காதீர்கள்.

சும்மா_இரு:

எங்கள் வீட்டில் இருபது வருடமாக ஜீன்ஸ் துவைகல்லில்தான் அடிபடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. 1873-ல் பாக்கெட் மூலையில் ரிவெட் என்கிற உலோக ஆணி அடித்து அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே உழைக்கிறவன் பாக்கெட் கிழியக் கூடாது என்றுதான். அதைப் பட்டுப்புடவை மாதிரி தாங்கச் சொல்கிறீர்களே.

பெருந்துறை_நூல்:

அண்ணே, அது முழுக் காட்டன், கெட்டித் துணி. இவருடையதில் எலாஸ்டேன் இருக்கிறது. சூடும் குளோரின் பிளீச்சும் அதன் இழுவையைக் கெடுக்கும், முறுக்கிப் பிழிந்து கல்லில் அடிப்பதும் நல்லதில்லை. இழுவை போனால் முழங்கால் பை மாதிரி தொங்கும், துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கல் வேண்டுமென்றால் பழைய ஜீன்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிக்கொடி:

போர் தண்ணி பற்றி யாருமே பேசவில்லையே. உவர் தண்ணியில் சோப்புக் கட்டி நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம், கடைசியில் கருநீலத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கொடியில் கருவாடு மாதிரி விறைத்து நிற்கும். லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போடுங்கள், பவுடர் என்றால் முதலில் மக்கில் கரைத்து ஊற்றுங்கள், நேராகத் துணி மேல் தூவினால் திட்டுத் திட்டாகிவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் குடிநீர் வாரியத்து மெட்ரோ தண்ணியோ பிடித்து வைத்த மழைத் தண்ணியோ கிடைத்தால் துணி கைக்கே வித்தியாசம் தெரியும். மெஷினில் ஜென்டில் மோடு, டிரம்மை நிரப்பாதீர்கள், வேட்டி துண்டோடு போடவே போடாதீர்கள்.

காயப்போடுவதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை, என் இரண்டு பையன்களும் மாடிக் கொடியில் இடுப்பை மடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மடிப்பில் ஈரம் நின்று முக்கல் வாடை அடிக்கும். உதறி, தையலைக் கையால் இழுத்து நேராக்கி, உட்புறம் வெளியே இருக்கும்படியே இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், பாக்கெட் பைகள் வெளியே தெரிய வேண்டும், கடைசியாகக் காய்வது அவைதான். உச்சி வெயிலில் நாள் முழுக்க விடாமல் காற்றோட்டமான நிழல் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் நிழலாவது வெயிலாவது, ஃபேனுக்குக் கீழே போடுங்கள், அந்த மாதங்களில் இரண்டு ஜீன்ஸை ஒரே நாளில் நனைக்காதீர்கள் தம்பி.

வேளச்சேரி_வாசி:

நன்றிங்க. அம்மாவிடம் உப்பு விஷயத்தைச் சொன்னேன், நம்பவில்லை. சட்டையில் பட்ட நீலம் போகுமா? கறுப்பு ஜீன்ஸ் ஒன்றும் இருக்கிறது, அதற்கும் இதேதானா?

பெருந்துறை_நூல்:

சட்டையை இஸ்திரி போடாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. ஆக்சிஜன் பிளீச் பவுடரை லேபிளில் சொன்ன அளவு கரைத்து சில மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். சீட் கவர் ரெக்சின் என்றால் சோப்புத் தண்ணித் துணியால் அன்றன்றே துடைத்துவிட வேண்டும், விட்டால் உள்ளே இறங்கிவிடும். கறுப்பு பெரும்பாலும் சல்ஃபர் சாயம், அதுவும் வெளுத்துச் சாம்பலாகத்தான் போகும், முறை இதேதான், பிளீச் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, பைக் ஓட்டுகிறவருக்கு ஜீன்ஸ் முதலில் போவது தொடை இடுக்கில்தான். வியர்வையும் அழுக்கும் ஏறி, உரசி உரசி நூல் மெலியும். மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊடை நூல் மட்டும் வலை மாதிரி தெரிய ஆரம்பித்தால் அப்போதே ஆல்டரேஷன் கடையில் உள்ளே ஒட்டுத் துணி வைத்து டார்னிங் (நெருக்கமாக இழை ஓட்டுகிற தையல்) போடச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த பிறகு கொண்டு போனால் காசும் அதிகம், தையலும் வெளியே தெரியும்.