'டிடெரன்ஸ்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். சனிக்கிழமை எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பயனீட்டாளர் விளக்கக் கூட்டம், கையேடு என் தலையில் விழுந்திருக்கிறது. போட்டி போட வேண்டிய வியாபாரிகள் சேர்ந்து விலை பேசிக்கொள்ளும் கார்ட்டலுக்கு 'விலைக்கூட்டு' என்று போட்டுவிட்டேன். கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கம் பூ விலையைச் சேர்ந்து 10 விழுக்காடு ஏற்ற முடிவெடுத்து, 2012இல் மலேசியப் போட்டி ஆணையத்திடம் மாட்டியதைச் சொன்னால் தோட்ட லயத்து ஆட்களுக்கும் புரிந்துவிடும். சிக்கல் டிடெரன்ஸில்தான். ஆணையம் ஒரு கூட்டைப் பிடித்து நிறுத்துவது வேறு, பயத்தில் இன்னொருவன் கூட்டே சேராமல் இருப்பது வேறு, இதுதான் டிடெரன்ஸ். இரண்டுக்கும் 'தடுப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், வாசித்தால் எனக்கே குழப்பம்.
— சுங்கை சிப்புட்

தங்கச்சி, 'வெருட்டம்' என்று எழுதுங்கள். வெருவு, வெருள், வெருட்டு எல்லாம் ஒரே வேர். கொல்லையில் நிற்கிற வெருளி ஒரு குருவியையும் பிடித்ததில்லை, ஆனாலும் குருவி வராது. இதைவிட என்ன வேண்டும்? வள்ளுவரிடம் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. தோட்டத்தில் மாட்டை 'வெரட்டு' என்கிறோமே, அது விரட்டா வெருட்டா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன், அது நீளும்.
— தைப்பிங்

ஐயா, அந்த அதிகாரம் குடிகளை வெருட்டாதே என்றல்லவா அரசனிடம் சொல்கிறது! அதே அதிகாரத்தில்தான் 'கடிதோச்சி மெல்ல எறிக' இருக்கிறது. ஓங்குவது கடுமையாக, விழுவது மெல்ல. 'ஓச்சம்' என்று வைக்கலாமே அக்கா? பூக்காரர்களுக்கு அபராதம்கூடப் போடவில்லை, சரியாகப் பொருந்துகிறது.
— ஈப்போ

> சரியாகப் பொருந்துகிறது

எங்கே தம்பி பொருந்துகிறது? பூவுக்கு மெல்ல எறிந்தார்கள், அப்புறம் 2014 தொடக்கத்தில் ஐஸ் தயாரிப்பாளர்கள் ஒன்றாக விலை ஏற்றவில்லையா? 2015இல் 24 பேருக்கு அபராதம் விழுந்தது. ஓச்சம் வேண்டாம், கோலோச்சுவது என்றால் ஆட்சி செய்வதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். வெருட்டம் என்றால் தவுக்கே (முதலாளி) ஆள் வைத்து மிரட்டுகிறார் என்று கிளம்பிவிடும்.
— சுங்கை சிப்புட்

சொல் கிடக்கட்டும், அளப்பது எப்படி என்று கையேட்டில் எழுதினீர்களா? ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் வழிகாட்டி, வேறு விவரம் இல்லாதபோது, உடைத்த கூட்டின் விற்றுமுதலில் 10 விழுக்காட்டை 3 ஆண்டுக்குக் கணக்கிட்டு மக்களுக்கு மிச்சம் என்கிறது. அது நிறுத்தியதன் கணக்கு. அமெரிக்காவில் 1991இல் வந்த ஆய்வு ஒன்று, ஓர் ஆண்டில் கூட்டு பிடிபடும் வாய்ப்பு 13 முதல் 17 விழுக்காடு என்றது, அதுவும் கடைசியில் பிடிபட்டவர்களை மட்டும் வைத்துப் போட்டது. சேராமலே இருந்தவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். வழக்கு குறைந்தால் பயந்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம், நன்றாக ஒளியக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். அதனால் 'அச்சத்தடுப்பு' போடுங்கள், குறைந்தது எது தடுக்கிறது என்பதாவது தெரியும்.
— கோலாலம்பூர்

அச்சத்தடுப்பு என்றால் அச்சத்தைத் தடுப்பது என்றும் பொருள் வருமே! மழைத்தடுப்பு, திருட்டுத்தடுப்பு எல்லாம் எப்படி விரிகின்றன? வேற்றுமைத்தொகையை யாரும் பார்ப்பதே இல்லை.
— தைப்பிங்

ஐயா சொல்வது சரிதான், ஆனால் மணி பதினொன்று, அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கோலாலம்பூர் சொன்ன அச்சத்தடுப்பையே போடுகிறேன். பக்கத்தில் 'மாட்டுவோம் என்ற பயத்தில் ஒதுங்குவது' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.
— சுங்கை சிப்புட்

அந்த ஒரு வரிக்குத்தான் வெருட்டம் என்று பெயர். விரட்டு–வெருட்டு மடல் நாளை வரும்.
— தைப்பிங்