பழைய லினக்ஸ் கெர்னலுக்கு (சிஸ்டத்தின்ர மையப் பகுதி) புது வைஃபை ட்ரைவர் (வைஃபை கருவியை ஓட்டுற மென்பொருள்) ஏத்தின ஆக்கள் இருக்கிறியளோ? உங்கட கதையையும் போடுங்கோ

உரும்பிராயான்:
மாமான்ர வெங்காயத் தோட்டத்துக் கிணத்தில தண்ணி மட்டம் பாக்கிறதுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து மோட்டர் கொட்டிலுக்குள்ள வச்சனான், எங்கட யாழ்ப்பாணப் பக்கம் வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற தண்ணிதானே, கூட இறைச்சா உப்பு ஏறிடும் எண்டு அந்தாளுக்கு ஒரே பயம். பெட்டிக்குள்ள இருக்கிற போர்டில ஐ.எம்.எக்ஸ் 6 எண்ட சிப், அதோட வந்த கெர்னல் 4.1.15. ரவுணில வாங்கின மலிவு வைஃபை டொங்கிள், எல்எஸ்யூஎஸ்பி (கொழுவின யுஎஸ்பி சாமான்களைக் காட்டுற கட்டளை) அடிச்சா அதின்ர அடையாள நம்பர் 148எஃப்:7601, அதாவது மீடியாடெக் எம்டி7601யூ. அதின்ர ட்ரைவர் கெர்னலுக்குள்ள வந்தது 4.2இல. என்ர கெர்னல் ஒரு படி பிந்திப் போச்சு!

புதுக் கெர்னல் போடலாம்தானே எண்டு கேப்பியள். போர்ட் செய்தவை தங்கட ஒட்டு வேலை முழுக்க அந்த 4.1க்குள்ளதான் செய்து வச்சிருக்கினம், அதைக் கிளறப் பயம். அதால பேக்போர்ட்ஸ் 4.4 எடுத்தன், புதுக் கெர்னலில இருக்கிற வயர்லெஸ் ட்ரைவரை பழசுக்கு மொடியூலா (கெர்னலில பிறகு ஏத்துற தனித் துண்டு) கொம்பைல் பண்ணலாம்.

கொம்பைல் சத்தமில்லாமல் முடிஞ்சுது. மொடியூலை ஏத்திற மொட்ப்ரோப் கட்டளையை அடிச்சா, வைஃபை ட்ரைவருக்கு அடித்தளமான சிஎஃப்ஜி80211 மொடியூல் ஏறமாட்டன் எண்டு நிக்குது. கெர்னல் பதிவைக் காட்டுற டிமெசேஜில "டூப்ளிகேட் சிம்பல், ஓண்ட் பை கெர்னல்". ரெண்டு இரவு, நுளம்புக்கடியோட, ட்ரைவரில பிழை எண்டு நினைச்சு அதையே திரும்பத் திரும்ப கொம்பைல் பண்ணினன். கடைசியா ப்ரொக் ஃபோல்டருக்குள்ள இருக்கிற கொன்பிக்கை (கெர்னலை எப்பிடி பில்ட் பண்ணினது எண்ட பட்டியல்) பிரிச்சுப் பாத்தா சிஎஃப்ஜி80211க்கு நேர "வை", அதாவது கெர்னலுக்குள்ளயே சேத்துக் கட்டியிருக்கு. பழசு கெர்னலுக்குள்ளயே குந்தியிருக்கேக்க புதுசு எங்க போய் இருக்கிறது? அதை "எம்" (தனி மொடியூல்) ஆக்கி, கெர்னலைத் திரும்ப பில்ட் பண்ணி, அதே பில்ட் டிரெக்டரியைக் காட்டி பேக்போர்ட்ஸையும் திரும்பச் செய்தன். புது மொடியூல் எல்லாம் அப்டேட்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள போகும், மொடியூல் பட்டியல் போடுற டெப்மொட் அதைத்தான் முதல் எடுக்கும். பிறகு ஃபேர்ம்வெயார் (டொங்கிளுக்குள்ள ஏறிற மென்பொருள்) எரர் -2, ஃபைல் இல்லையாம். எம்டி7601யூ.பின் கொப்பி பண்ண அது சரி.

கொக்குவில்_பொடியன்:
அண்ணை நீங்கள் பரவாயில்லை, நான் கெர்னல் பில்ட் பாதையே குடுக்காமல் மேக் அடிச்சிட்டன். குடுக்காட்டி அது ஓடிக்கொண்டிருக்கிற மெசினின்ர கெர்னலைத்தான் எடுக்கும், அதாவது என்ர லாப்டொப்! போர்டில போட்டா "இன்வலிட் மொடியூல் ஃபோர்மட்". மொட்இன்ஃபோவில வெர்மேஜிக்கை (மொடியூல் எந்தக் கெர்னலுக்கு எண்டு சொல்லுற வரி) பாத்தாப் பிறகுதான் முழிச்சன், வெக்கக்கேடு.

பனங்கொட்டை:
இந்த பேக்போர்ட்ஸுக்கு கொம்பட்-வயர்லெஸ் எண்டு பேர் இருந்த காலத்திலயே நான் பட்ட பாடு தம்பி. மொடியூலை இன்ஸ்மொட் கட்டளையால ஒவ்வொண்டா ஏத்தி, மற்றதுகளுக்குத் தேவையான கொம்பட் மொடியூலை முதல் ஏத்தாமல் "அன்நோன் சிம்பல்" பக்கம் பக்கமா வாங்கினனான். இப்ப ரவுட்டர் எண்டா ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) தான், அதின்ர வைஃபைக்கான மெக்80211 பேக்கேஜே பேக்போர்ட்ஸில இருந்துதான் வாறது, ஆராவது எனக்காகக் கஷ்டப்படட்டும். அதுசரி, கொட்டில் தகரம் எல்லோ, சிக்னல் வருதோ?

உரும்பிராயான்:
டொங்கிளை ஒரு வயரில கொழுவி தகரத்துக்கு வெளியால விட்டிருக்கிறன், வீட்டு வைஃபை மட்டுமட்டா எட்டுது. மாமா இப்ப போனில மட்டம் பாக்கிறார், பாத்திட்டு கயித்தில கல்லைக் கட்டி இறக்கியும் பாக்கிறார்.