சப்டைட்டில் போகப் போகப் பின்தங்குகிறது, உதவுங்கள்

1998இல் வந்த 'லப்ஸ் கிதா... ஓகே கா லாங்?' என்ற பிலிப்பைன்ஸ் படம் பார்க்கிறேன். பாகியோவில் நடக்கும் கதை. உயிர் நண்பன் நெட் மேல் புஜாய்க்குக் காதல், அவனுக்கோ மேரி ஆன் மேல். எனக்குத் தகலாக் சுத்தமாகத் தெரியாது.

தொடக்கத்தில் சப்டைட்டில் சரியாகத்தான் வருகிறது. அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடுகிறது. புஜாய் நெட்டிடம் அழுது கொட்டுகிறாள், கீழே முந்தைய காட்சியின் அரட்டை ஓடுகிறது! படத்தின் உயிரே அந்த இடம்தான்.

விண்டோஸ் 10 மடிக்கணினி, விஎல்சி பிளேயர். ஜி, ஹெச் விசைகளை அழுத்திச் சப்டைட்டில் நேரத்தை நகர்த்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சரி, அப்புறம் பழையபடி. வேறு எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பிலும் இதே கதை. வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம், சப்டைட்டில் 23.976க்குச் செய்ததாக இருக்குமோ?

கோப்பு முழுவதையும் ஒரேயடியாக 25க்கு மாற்ற எந்த இலவச மென்பொருள் சரிப்படும்?