சிபாப் போட்டா பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி (கிருஷ்ணகிரி): அப்பாவுக்கு 58 வயசு, தூக்கத்துல மூச்சு அடைபடுற பிரச்சினை (ஸ்லீப் அப்னியா), ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுதுங்கற கணக்கு) 34. பிரஷருக்கு மூணு மாத்திரை. சிபாப் (தூங்கும்போது மாஸ்க் வழியா அழுத்தமா காத்து தர்ற மெஷின்) போட்டா இதயத்துக்கு நல்லதா? மாத்திரையை விட்டுடலாமா?

பதில் 1: நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு அடைபடும்போதெல்லாம் ஆக்சிஜன் இறங்கும், ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் எகிறும். சிபாப் அதைத் தடுக்கும். ஆனா பிரஷர் சராசரியா 2–3 புள்ளிதான் இறங்கும்.

பதில் 2: 2016-ல வந்த சேவ் (SAVE)ங்கற சிபாப் ஆய்வுல மாரடைப்பு, பக்கவாதம் குறையலை. ஆனா அதுல கலந்துக்கிட்டவங்க சிபாப்பை மாட்டினதே ராத்திரிக்கு சராசரி 3.3 மணி நேரம்தான்! குறைஞ்சது 4 மணி நேரமாவது வேணும். மெஷின்லயே மணிக்கணக்கும் லீக்கும் (மாஸ்க் ஓரத்துல காத்து கசியுறது) பதிவாகும், பாருங்க.

பதில் 3: லீக்குன்னு மாஸ்க் பட்டையை ரொம்ப இறுக்காதீங்க, படுத்து, காத்து ஓடும்போதே சரிபண்ணுங்க. ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிர்ல குழாய்க்குள்ள தண்ணி கோத்து களகளன்னு சத்தம் வரும். ஹியூமிடிஃபயரை (காத்துல ஈரம் சேர்க்கிற பகுதி) ஒரு படி குறைச்சு, குழாய்மேல துணி சுத்துங்க.